வெயில்காய்தலும் குளிர்காய்தலும்: சொற்பொருளும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

தை மாதக் காலை நேரம். ஓர் உழவர் வீட்டு முற்றத்தில் ஒரே வெயிலில் மூன்று நிகழ்ச்சிகள் ஒருசேர நடைபெறுகின்றன. அவற்றைத் தமிழ் பேசுவோர் பின்வருமாறு கூறுவர்:

(1) பாட்டி வெயில் காய்கிறாள்.
(2) நாய் வெயில் காய்கிறது.
(3) நெல் வெயிலில் காய்கிறது.

மூன்றிலும் வினை ஒன்றே, வெயிலும் ஒன்றே. எனினும் முதல் இரண்டு வாக்கியங்களில் ‘வெயில்’ உருபின்றி நிற்க, மூன்றாவதில் ‘இல்’ உருபேற்று நிற்கிறது. இவ்வேறுபாட்டைத் தாய்மொழியாளர் எவரும் பிழைபடக் கையாள்வதில்லை. ஆயினும் இது எதனால் அமைகிறது என்பதை விளக்கும்போதுதான் இவ்வினையின் உள்ளமைப்பு புலனாகிறது. மனிதரும் விலங்கும் ஒரு பக்கமாகவும், உயிரற்ற பொருள் மறுபக்கமாகவும் பிரிந்து நிற்பதும் கருதத்தக்கது.

‘வெயில்காய்தல்’, ‘குளிர்காய்தல்’, ‘தீக்காய்தல்’ ஆகிய மூன்று தொடர்களின் இலக்கண அமைப்பை விளக்கி, அவற்றைப் பிற இந்திய மொழி வழக்குகளோடு ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பில் அவை தோற்றுவிக்கும் சிக்கல்களைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பது நடைக் குறை மட்டுமன்று. குற்றமற்றவர்மீது குற்றம் சுமத்துவதாகவும் அது முடியக்கூடும்.

1. ‘காய்’ வினையின் பொருட்பரப்பு

‘காய்தல்’ என்னும் வினையின் அடிப்படைப் பொருள் வெப்பமுறுதல் ஆகும். பிற பொருள்கள் இதிலிருந்து கிளைத்தவை எனலாம். ஒளிரும் பொருளுக்கு இவ்வினை வரும்போது வெப்பமோ ஒளியோ வீசுதலைக் குறிக்கிறது (வெயில் காய்கிறது, நிலாக் காய்கிறது). ஈரப்பொருளுக்கு வரும்போது உலர்தலைக் குறிக்கிறது (துணி காய்கிறது). உடம்புக்கு வரும்போது நோயின் வெப்பத்தைக் குறிக்கிறது (உடம்பு காய்கிறது); ‘காய்ச்சல்’ என்னும் நோய்ப்பெயர் இப்பொருளோடு தொடர்புடையது. வயிற்றுக்கு வரும்போது பசியைச் சுட்டுகிறது. மனத்துக்கு வரும்போது வெறுப்பையும் சினத்தையும் சுட்டுகிறது. ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்னும் தொடர் இன்றும் வழக்கில் உள்ளது. ‘காய்ச்சு’ என்பது இதன் பிறவினை வடிவம். ‘மரம் காய்த்தது’ என்பதில் உள்ள வினை இறந்தகால வடிவத்தாலும் பொருளாலும் வேறானது. அது ஈண்டு ஆராயப்படவில்லை.

இப்பட்டியலில் ஒரு பொதுப்போக்கு தென்படுகிறது. உலர்தல், நோய், பசி, சினம் ஆகிய அனைத்தும் வெப்பத்தின் மிகுதியால் விளையும் இழப்பு அல்லது துன்பம் பற்றியவை. இத்தனை துன்பப் பொருள்களுக்கிடையே இதே வினை இன்பமான ஒரு செயலையும் குறிக்கிறது என்றால், அவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் மொழியில் எங்கோ இருத்தல் வேண்டும். அவ்வடையாளமே உருபின்மை ஆகும்.

2. உருபும் விருப்பமும்

பின்வரும் இணைகளை நோக்குக:

(4) ஆடு வெயில் காய்கிறது.
(5) கட்டிப்போட்ட ஆடு வெயிலில் காய்கிறது.
(6) கிழவர் திண்ணையில் வெயில் காய்ந்தார்.
(7) கூலியாட்கள் நாள் முழுதும் வெயிலில் காய்ந்தார்கள்.

(4), (6) ஆகியவற்றில் எழுவாய் தன் விருப்பத்தால் வெயிலை நாடிச் செல்கிறது. போதும் என்றபோது விலகிச் செல்லவும் இயலும். (5), (7) ஆகியவற்றில் எழுவாய்க்கு அவ்வுரிமை இல்லை. அது வெயிலுக்கு ஆட்படுகிறது. எனவே ‘இல்’ உருபு இவ்விடத்தில் இடத்தை மட்டும் சுட்டவில்லை. எழுவாயை நெல், துணி முதலிய பொருள்களின் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. கூலியாட்கள் நெல்லைப் போலக் காய்ந்தார்கள் என்னும் இரக்கம் வாக்கியத்தில் தோன்றுவது இதனாலேயே.

உருபற்ற தொடருக்கு மேலும் இரண்டு கட்டுப்பாடுகள் உள்ளன. முதலாவது, இரண்டாம் வேற்றுமை உருபை இது ஏற்பதில்லை. *‘வெயிலைக் காய்ந்தான்’ என்பது வழக்கன்று. ஆகவே ‘வெயில்’ இங்கு இயல்பான செயப்படுபொருள் அன்று. வினையோடு ஒட்டி ஒரே கருத்தாக நிற்கும் பெயராகும். இரண்டாவது, எழுவாய் தானே இயங்கும் உயிராக இருத்தல் வேண்டும். *‘நெல் வெயில் காய்கிறது’ என்பது நகைச்சுவைக்கே பொருந்தும். தானே இயங்க இயலாத கைக்குழந்தைக்கும் இத்தொடர் எளிதில் பொருந்துவதில்லை. தாய் குழந்தையை ‘இளவெயிலில் காட்டினாள்’ என்றே கூறப்படுகிறது.

இவற்றால் ‘வெயில்காய்’ என்பதில் செய்பவரும் பயன் பெறுபவரும் ஒருவரே என்பது பெறப்படும். செயலின் விளைவு செய்பவர் உடம்பிலேயே நிகழ்கிறது.

3. வெயிலும் தீயும் குளிரும்

மூன்று தொடர்களிலும் வினைக்கு முன் நிற்கும் பெயர்கள் ஒரே உறவில் நிற்கவில்லை. வெயிலும் தீயும் வெப்பத்தின் ஊற்றுகள். ‘வெயில்காய்தல்’, ‘தீக்காய்தல்’ ஆகியவற்றை ‘வெயிலால் தன்னை வெப்பப்படுத்திக்கொள்ளுதல்’, ‘தீயால் தன்னை வெப்பப்படுத்திக்கொள்ளுதல்’ என விரிக்கலாம். குளிரோ வெப்பத்தின் ஊற்றன்று, நீக்கப்படவேண்டியது. ‘குளிர்காய்தல்’ என்பதைக் ‘குளிர் நீங்கும்பொருட்டுக் காய்தல்’ என்றே விரிக்க வேண்டும். ‘தலைவலி மாத்திரை’ என்பது தலைவலியைத் தரும் மாத்திரை ஆகாது; அதைப் போக்கும் மாத்திரையே. அத்தகைய தொகையே இதுவும். நேர் எதிரான இரு பெயர்கள் ஒரே வினையின் முன் நின்று ஏறத்தாழ ஒரே செயலைக் குறிப்பது அயல்மொழியாளருக்கு வியப்பளிக்கும்.

செயல் ஒன்றாயினும் சூழல் ஒன்றன்று. ‘குளிர்காய்தல்’ என்ற அளவில் தமிழர் மனத்தில் தோன்றுவது பெரும்பாலும் தீயே. முதலை மணல்திட்டில் ‘வெயில் காய்கிறது’ என்பது இயல்பு. அது ‘குளிர்காய்கிறது’ என்பது அத்துணை இயல்பன்று. அடுப்பருகே சுருண்டு கிடக்கும் பூனையோ குளிர்காய்கிறது.

தீக்காய்தல் தமிழில் தொன்மையான கருத்து. நெடுநல்வாடையின் தொடக்கத்தில் கூதிர்கால மழையில் நனைந்த கோவலர் கொள்ளியைக் கையிற் கொண்டு நடுங்கும் காட்சி இடம்பெறுகிறது. திருக்குறளின் 691ஆம் குறள், மன்னரைச் சார்ந்து வாழ்வோர் அவரை மிகவும் நீங்காமலும் மிகவும் நெருங்காமலும் ஒழுக வேண்டும் என்பதற்குத் தீக்காய்வோரை உவமையாக்குகிறது. அங்குத் தீ பிறர்க்குரிய ஆற்றல்; காய்பவர் அதனால் பயன் பெறுபவர். ஆனால் அக்குறளில் பழிப்பு இல்லை. இடைவெளி பற்றிய எச்சரிக்கை மட்டுமே உள்ளது. இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

4. பிற இந்திய மொழிகளில்

‘காய்’ வினையின் இனச்சொற்கள் பிற திராவிட மொழிகளிலும் உள்ளன. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) இவற்றை ஒருங்கே தருகிறது. மலையாளத்தில் ‘வெயில் காயுக’, ‘தீ காயுக’ என்பன வழங்குகின்றன. கன்னடத்தில் ‘பிசிலு காயிசு’ (வெயில்), ‘சளி காயிசு’ (குளிர்) எனப் பிறவினை வடிவம் வருகிறது. ‘மை காயிசு’ என உடம்பைச் செயப்படுபொருளாக்கியும் கூறுவர். தெலுங்கில் ‘சலி காச்சுகொனு’ என்பது குளிர்காய்தலாகும். வெயில் அடிப்பதைக் கூறவும் அம்மொழியில் ‘காயு’ வினையே வருகிறது. குளிரின் பெயரை முன்வைத்து வெப்ப வினையைப் பின்வைக்கும் அமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகிறது.

இந்தோ-ஆரிய மொழிகளில் பெரும்பாலும் வெப்பத்தின் பெயரே முன்நிற்கிறது. நேபாளியில் ‘காம் தாப்னு’ வெயில்காய்தல். ‘ஆகோ தாப்னு’ தீக்காய்தல். அசாமியத்தில் ‘ரோத் புவா’, ‘ஜுய் புவா’ என்பன முறையே அப்பொருளன. வங்காளியில் ‘ரோத் போஹானோ’, ‘ஆகுன் போஹானோ’ என்பர். இந்தியில் ‘தூப் ஸேங்க்னா’ என்பது பெருவழக்கு. தீக்கு ‘ஆக் தாப்னா’ என்பதும் உண்டு. மராத்தியில் ‘ஊன் காணே’ என்னும் தொடர் வழங்குகிறது. அங்கு ‘ஊன்’ என்பது வெயில். தொடரின் நேர்ப்பொருள் ‘வெயிலை உண்ணுதல்’ ஆகும். இந்தியிலும் ‘தூப் கானா’ என்னும் வழக்கு உண்டு.

வட இந்தியச் சமவெளியின் குளிர்காலத்தில் மாடியிலும் முற்றத்திலும் அமர்ந்து நிலக்கடலை கொறித்தபடி வெயில் காய்வது அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி. அச்சூழலிலிருந்து எழும் இலக்கியத்தில் வெயில் நட்புக்குரியது. தமிழில் ‘வெயில்’ என்னும் சொல்லோ பெரும்பாலும் கடுமையையே நினைவூட்டும். ஆகவே இந்திக் கதையொன்றில் வரும் ‘தூப்’ என்பதை மொழிபெயர்ப்பவர் ‘இளவெயில்’, ‘காலை வெயில்’ என அடைகொடுத்து எழுதுவது பொருளைக் கூட்டுவதாகாது, இழந்ததை மீட்பதாகும்.

இவ்வினைகள் உருவகமாக விரியும் திசைகள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. வங்காளியில் ‘போஹானோ’ வெயிலை நுகர்தலுக்கு வருவது போலவே தொல்லையை அனுபவித்தலுக்கும் வருகிறது (‘ஜாமேலா போஹானோ’, ‘துர்போக் போஹானோ’). இத்தொடர்களில் முதன்மை பெறுவது உடம்பால் ஏற்றல் என்னும் கூறாகும். வங்காளியிலிருந்து பெயர்ப்பவர் இங்குக் ‘காய்தல்’ என்பதைக் கைவிட்டுப் ‘படுதல்’, ‘அனுபவித்தல்’ என்பவற்றையே நாட வேண்டும். இந்தியின் ‘ஸேங்க்னா’ ரொட்டி வாட்டுதலையும் குறிக்கும். பிறர் துன்பத்தில் அரசியல் ஆதாயம் தேடுவோரைக் குறிக்க, ‘அரசியல் ரொட்டி வாட்டுகிறார்கள்’ என்னும் பொருள்பட ஒரு மரபுத்தொடர் அம்மொழியில் பெருவழக்காக உள்ளது. இதற்குத் தமிழில் நேராக அமைவது ‘குளிர்காய்கிறார்கள்’ என்பதே.

5. உயிரியல் நூல்களில் வெயில்காய்தல்

உயிரியலில் வெயில்காய்தல் ஒரு கலைச்சொல். ஓணான், பாம்பு, ஆமை, முதலை முதலியன உடல்வெப்பத்தைப் பெரிதும் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகின்றன. எனவே அவை புறவெப்ப உயிரிகள் எனப்படும். 1944இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் ஆகிய இருவரும் பாலைநில ஊர்வனவற்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, அவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று உடல்வெப்பத்தைக் குறிப்பிட்ட எல்லைக்குள் நிறுத்திக்கொள்கின்றன என்பதை நிறுவியது. குளிர்ந்த கடல்நீரில் பாசியுண்டு கரையேறும் கலாபகசுத் தீவுகளின் கடல் உடும்புகள் கரும்பாறைகளின்மேல் நெடுநேரம் வெயில் காய்ந்த பின்னரே பழைய சுறுசுறுப்பை அடைகின்றன. வண்ணத்துப்பூச்சிகள் பறத்தற்குரிய தசைகள் போதிய வெப்பம் பெறும்வரை சிறகை விரித்தோ, மடித்துப் பக்கவாட்டில் சாய்த்தோ வெயில் காய்கின்றன. இந்தியாவில் இதனை எளிதில் காணத்தக்க இடங்கள் பல. சம்பல் ஆற்றின் மணல்திட்டுகளில் குளிர்காலத்தில் கரியல்களும் முதலைகளும் கரையேறிக் கிடக்கின்றன. பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகள் குளிர்காலப் பகலில் வளைவாயில்களில் வெயில் காய்கின்றன.

இச்செயலைத் தமிழில் கூறும்போது மூன்று தவறுகள் நேரக்கூடும். முதலாவது, ‘சூரியக் குளியல்’ என்னும் மொழிபெயர்ப்புச் சொல்லை விலங்குக்கு ஏற்றுதல். அச்சொல் மனிதர் நலத்துக்கோ பொழுதுபோக்குக்கோ மேற்கொள்ளும் செயலைக் குறிக்க உருவாக்கப்பட்டது. முதலைக்கு வெயில் காய்வது பொழுதுபோக்கன்று. செரிமானம் உள்ளிட்ட உடற்செயல்களுக்குத் தேவையான உழைப்பு. இவ்விடத்தில் ‘வெயில்காய்தல்’ என்னும் வழக்குச்சொல் இன்பத்தையோ சோம்பலையோ வலியுறுத்தாமல், விரும்பி வெப்பம் பெறுதல் என்பதை மட்டும் கூறுவதால் கலைச்சொல்லாக நிற்கத் தகுதியுடையது.

இரண்டாவது, ‘குளிர்இரத்தப் பிராணி’ என்னும் சொல். வெயில் காய்ந்த ஓணானின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. சில பாலைநில ஓணான்களின் உடல்வெப்பம் மனித உடல்வெப்பத்தையும் மிஞ்சுகிறது. ‘குளிர்இரத்தப் பிராணி வெயில் காய்ந்து இரத்தம் சூடேறியது’ என்னும் வாக்கியம் தன்னையே மறுக்கிறது. ‘புறவெப்ப உயிரி’ என்பதே பொருந்தும்.

மூன்றாவது, பெயரை வினையாகக் கொள்ளுதல். ஆங்கிலத்தில் ‘பாஸ்கிங் ஷார்க்’ எனப்படும் பெருஞ்சுறா கடலின் மேற்பரப்பில் மெல்ல நீந்துவது வெயில் காய்வது போலத் தோன்றியமையால் அப்பெயர் பெற்றது. உண்மையில் அது வாயை அகலத் திறந்து நுண்ணிய மிதவை உயிர்களை வடித்து உண்கிறது. ‘வெயில்காயும் சுறா’ என்பதைப் பெயராக ஏற்கலாம். ‘இச்சுறா வெயில் காயும் இயல்புடையது’ என விரித்தால் அது பொய்யாகும்.

6. உருவகப் பயன்பாடும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

ஆங்கிலத்தின் ‘பாஸ்க்’ என்னும் வினை, குளித்தலைக் குறிக்கும் பழைய நார்சு மொழி வினையின் தற்சுட்டு வடிவத்திலிருந்து வந்ததாகச் சொற்பிறப்பியலார் கருதுவர். 14ஆம் நூற்றாண்டு வழக்குகளில் அது குருதி முதலியவற்றில் தோய்ந்து கிடத்தலைக் குறித்தது. வெயிலோடு அது இணைவதை ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் காணலாம். ஆகவே அவ்வினையின் உள்ளே இருப்பது மூழ்குதல். புகழிலும் பாராட்டிலும் அன்பிலும் ஒருவர் மூழ்கி மகிழ்வதை அது இயல்பாகக் குறிக்கிறது. பழிப்பு அதன் கட்டாயக் கூறன்று.

தமிழின் ‘குளிர்காய்’ இதற்கு மாறானது. இயற்பொருளில் அது குற்றமற்ற சொல். உருவகமாகும்போதோ இக்காலத் தமிழில் அது ஏறத்தாழ எப்போதும் பழிச்சொல்லே. ‘கலவரத்தில் குளிர்காய்கிறார்கள்’, ‘பிறர் உழைப்பில் குளிர்காய்கிறார்’ என்பன போன்ற தொடர்கள் பத்திரிகைத் தமிழிலும் மேடைத் தமிழிலும் பெருவழக்கு. இவ்விடங்களில் *‘வெயில் காய்கிறார்’ என எவரும் கூறுவதில்லை.

இதன் காரணத்தை வெப்பத்தின் உரிமையில் காணலாம். வெயில் எவர்க்கும் உரியதன்று. பாட்டி காய்வதால் நாய்க்கு வெயில் குறைவதில்லை, நெல்லுக்கும் குறைவதில்லை. தீ அவ்வாறன்று. அது ஒருவர் தேடிய விறகில் எரிகிறது, அல்லது ஒருவர் வீட்டில் எரிகிறது. வள்ளுவர் கண்ட இடைவெளி காப்போனிடம் பழிப்பு இல்லை, அங்குத் தீ எரிவதால் எவர்க்கும் இழப்பு இல்லாமையால். எரிவது பிறர் உடைமை என்னும் எண்ணம் சேர்ந்தவுடன் அதே செயல் குற்றமாகிறது. வீடு எரிந்து ஒருவன் அழுதுகொண்டிருக்கச் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவனைப் பற்றிய தெலுங்குப் பழமொழியும், எரியும் வீட்டிலிருந்து மூங்கிற்கழியை உருவுவோனைப் பற்றிய கன்னடப் பழமொழியும், ‘எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம்’ என்னும் தமிழ்ப் பழமொழியும் இவ்வெண்ணத்தையே தாங்கி நிற்கின்றன.

மொழிபெயர்ப்பில் இதன் விளைவு கடுமையானது. மகளின் வெற்றியால் கிடைத்த பாராட்டில் ஒரு தாய் மகிழ்ந்திருந்ததை ஆங்கில ஆசிரியர் ‘பாஸ்க்’ வினையால் கூறியுள்ளார் எனக் கொள்ளலாம்.

(8) தாய் மகளின் புகழில் குளிர்காய்ந்தாள்.
(9) தாய் மகளின் புகழில் திளைத்தாள்.

(8) தாயை ஒட்டுண்ணியாக்குகிறது. மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டு ஒன்று மொழிபெயர்ப்பாளரால் சேர்க்கப்படுகிறது. (9) மூலத்தின் மனநிலையைக் காக்கிறது. மூழ்கி மகிழ்தலைக் குறிக்கும் ‘திளைத்தல்’, குளித்தலிலிருந்து பிறந்த ஆங்கில வினைக்குப் பொருளமைப்பிலும் நெருங்கியது.

கலைச்சொல்லாக்கத்திலும் இச்சிக்கல் எழுகிறது. 1976இல் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட உளவியல் ஆய்வு, தம் பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்ற பின் மாணவர்கள் பல்கலைக்கழக அடையாளமுள்ள உடைகளை மிகுதியாக அணிந்ததையும், வெற்றியைக் கூறும்போது தோல்வியைக் கூறும்போதினும் மிகுதியாகத் தன்மைப் பன்மையைப் பயன்படுத்தியதையும் காட்டியது. இந்நடத்தைக்கு அவர்கள் இட்ட பெயரில் ‘பாஸ்க்’ வினை உள்ளது. அதனைப் ‘பிறர் புகழில் குளிர்காய்தல்’ எனப் பெயர்த்தால், விளக்கமாக நின்ற சொல் தீர்ப்பாக மாறிவிடும். அம்மாணவர் எவருடைய வீட்டையும் எரிக்கவில்லை. அணியின் புகழ் அவர்களால் குறையவுமில்லை. ‘சார்புப் புகழில் திளைத்தல்’ என்பது நடுநிலையான பெயர்ப்பாகும்.

மறுதலையான தவறும் உண்டு. ‘கலவரத்தில் குளிர்காய்ந்தார்கள்’ என்பதை ஆங்கிலத்தில் ‘பாஸ்க்’ வினையால் பெயர்த்தால் கலவரத்தை அவர்கள் இன்பமாக நுகர்ந்தார்கள் என்னும் பொருளே கிடைக்கும். ஆதாயம் தேடினார்கள் என்னும் குற்றச்சாட்டு மறைந்துவிடும். முன்னதில் குற்றமற்றவர் குற்றவாளியாகிறார்; பின்னதில் குற்றவாளி தப்பிவிடுகிறார்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அ. உருபற்ற ‘வெயில் காய்’ என்பது தானே இயங்கும் உயிர் விரும்பிச் செய்யும் செயலைக் குறிக்கும். ‘வெயிலில் காய்’ என்பது ஆட்படுதலைக் குறிக்கும். இருமொழி அகராதிகள் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பதிவு செய்தல் வேண்டும்.

ஆ. ‘குளிர்காய்’ என்னும் பதிவில் இயற்பொருளையும் உருவகப் பொருளையும் பிரித்து, உருவகப் பொருள் பழிப்புடையது என்னும் குறிப்பைச் சேர்த்தல் வேண்டும்.

இ. உயிரியல் நூல்களுக்கு ‘வெயில்காய்தல்’ என்னும் வழக்குச்சொல்லே போதுமானது, புதுச்சொல் தேவையில்லை.

ஈ. உருவக வழக்குகளைப் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பாளர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: அந்த வெப்பம் யாருடையது? எவர்க்கும் இழப்பில்லாத வெப்பமாயின் ‘திளைத்தல்’, ‘மகிழ்தல்’ போன்றவை பொருந்தும். பிறர் இழப்பில் எழுந்த வெப்பமாயின் ‘குளிர்காய்தல்’ பொருந்தும்.

முற்றத்துப் பாட்டியும் அவள் காலடியில் கிடக்கும் நாயும் எவர் விறகையும் எரிக்கவில்லை. அவர்களுக்குரிய சொல்லைத் தமிழ் தனியே பிரித்து வைத்துள்ளது. அப்பிரிவினையை மதிப்பது மொழிபெயர்ப்பாளர் கடமையாகும்.